நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும்: சோளிங்கர் மலையை வைத்து ஒரு கணக்கு

ஆற்றலின் வகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஓர் ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரவு செலவு எழுதிப் பார்ப்பதே தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நல்லது. ஒரு பொருள் தன் இருப்பிடத்தாலோ வடிவத்தாலோ பெற்றிருப்பது நிலை ஆற்றல். நகர்வதால் பெற்றிருப்பது இயக்க ஆற்றல். இரண்டுக்கும் அலகு ஜூல். கணக்குக்குப் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த சோளிங்கர் பெரிய மலையை எடுத்துக்கொள்வோம்.

1. மட்டத்தைக் குறியுங்கள். உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மலையடிவாரத்தைச் சுழி என்று கொள்வோம். பாடநூல்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

2. நிலை ஆற்றலைக் கணக்கிடுங்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம் (9.8), உயரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். மலைக்கு 1305 படிகள். ஒரு படி சராசரியாக 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உயரம் ஏறத்தாழ 196 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் உச்சியை அடையும்போது 60 × 9.8 × 196, அதாவது சுமார் 1,15,000 ஜூல் நிலை ஆற்றலைப் பெற்றிருப்பார். இது அவர் உண்ட உணவின் வேதி ஆற்றலிலிருந்து வந்தது. ஆனால் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இப்படி உயரமாக மாறுகிறது, மீதியெல்லாம் வெப்பமாகிறது என்பதால்தான் பாதி மலையிலேயே சட்டை நனைந்துவிடுகிறது. ரோப் காரில் போகிறவருக்கும் உச்சியில் அதே 1,15,000 ஜூல்தான். அங்கே அதைத் தருவது மின்மோட்டார். இறங்கும் பெட்டிகளின் எடையும் ஏறும் பெட்டிகளை இழுக்க உதவுவதால் மோட்டாரின் சுமை குறைகிறது.

3. அதையே இயக்க ஆற்றலாக மாற்றுங்கள். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் (வேகம் × வேகம்) பெருக்கிக் கிடைப்பது. உராய்வும் காற்றுத் தடையும் இல்லை என்று கற்பனை செய்தால், உச்சியிலிருந்து சறுக்கி வரும் பொருள் அடிவாரத்தில் நொடிக்கு 62 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 223 கி.மீ. வேகத்தை எட்டும். உச்சியின் நிலை ஆற்றலும் அடிவாரத்தின் இயக்க ஆற்றலும் சமம் என்று எழுதினால் இருபுறமும் நிறை அடிபட்டுப் போவதால், கூழாங்கல்லுக்கும் பாறைக்கும் விடை ஒன்றே. நிஜத்தில் படியிறங்கும் நாம் அந்த ஆற்றலை முழங்காலிலும் பாதத்திலும் வெப்பமாகக் கரைத்துக்கொண்டே வருகிறோம்.

4. இருமடியைக் கவனியுங்கள். வேலூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஓட்டுநரையும் சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் 10,000 ஜூல், 72 கி.மீ. வேகத்தில் போனால் 40,000 ஜூல். இந்த 40,000 ஜூலை உயரமாக மாற்றிப் பார்த்தால் 20 மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

5. மற்ற வடிவங்களையும் இந்த இரண்டில் ஒன்றில் சேருங்கள். இழுத்த உண்டிவில் ரப்பரில் இருப்பது மீட்சி நிலை ஆற்றல். மின்விசிறியின் கண்டென்சரில் தேங்குவது மின் நிலை ஆற்றல். சுழலும் இறக்கைகளிடம் இருப்பது சுழற்சி இயக்க ஆற்றல். சித்திரை வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடித் தளத்தின் வெப்பமும் பெரும்பாலும் அணுக்களின் அதிர்வே.

இனி உங்கள் எடையையும் வீட்டு மாடியின் உயரத்தையும் அளந்து இரண்டாம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோவுக்கும் 3 மீட்டருக்கும் விடை 1,764 ஜூல் வர வேண்டும்.