ஒட்டுக்கு ஓர் ஆப்பு: வெக்கையிலும் ஈரத்திலும் எபாக்ஸி தாங்குமா?

பாம்பன், மண்டபம் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் அலுமினியத் தகட்டை எபாக்ஸியால் (பிசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) ஒட்டியவர்கள், மறுநாள் இழுத்துப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். மறுநாள் எந்த எபாக்ஸியும் அப்படித்தான் இருக்கும். சுமை, ஈரம், வெக்கை மூன்றும் சேரும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதற்கு ஆய்வகங்களில் ஆப்புச் சோதனை (ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு டி3762 என்ற எண்ணில் வகுத்தது) என்று ஒன்று உண்டு. மொட்டை மாடியில் நான் செய்யும் எளிய வடிவம் இது.

ஓர் அங்குல அகலம், ஆறு அங்குல நீளம், 3 மி.மீ. கனத்தில் இரண்டு அலுமினியப் பட்டைகள் போதும். பசை கலக்கும் விதம் டப்பாவிலேயே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் மட்டும் வேண்டாம். ஈரத்தில் அது சீக்கிரம் கைவிடும்.

முக்கியமான வேலை பரப்பில்தான். முதலில் அசிட்டோனால் துடைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அசிட்டோன். கடைத் தின்னரை நான் தொடுவதில்லை, எண்ணெய்ப் பிசுக்கு விடும். அப்புறம் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். முத்துமுத்தாகத் திரண்டால் அழுக்கு போகவில்லை; படலமாக விரிந்து நின்றால் சரி. நன்றாக உலர்த்தி, தாமதிக்காமல் ஒட்டுங்கள். விடிகாலையில் வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பனி படிந்திருக்கும்.

பசை போடும் முன் ஒரு முனையில் இரண்டு செ.மீ. செல்லோடேப் ஒட்டி, அங்கே மட்டும் பசை பிடிக்காமல் விடுங்கள். ஒரு வாரம் இறுகட்டும். ஓரத்தில் வழிந்த பசையைத் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் விரிசல் தெரியாது. டேப் முனையில் 3 மி.மீ. ஆப்பைத் தட்டி இறக்கி, விரிசல் நிற்கும் இடத்தை ஊசியால் கீறுங்கள். மார்க்கர் மை ஈரத்தில் போய்விடும்.

இனி ஈரத்துணி விரித்த எவர்சில்வர் சம்படத்தில் வைத்து, மூடி, வெயிலில் வையுங்கள். தினமும் விரிசல் நுனியைக் கீறி வாருங்கள். விரிசல் மேலும் ஓடாமல் நின்ற பிறகு பட்டைகளைப் பிளந்து பாருங்கள். இரு பக்கமும் பசை இருந்தால் ஒட்டு நல்லது. ஒரு பக்கம் வெறும் உலோகம் பளபளத்தால், தண்ணீர் பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே புகுந்துவிட்டது. பிராண்டை மாற்றிப் பயனில்லை, பரப்பைத்தான் திருத்த வேண்டும்.

பின்சேர்க்கை: இறுகிய பசை மேலே மெழுகு போலப் பிசுபிசுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஈரக் காற்றில் ஹார்டனர் கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதன்மேல் அடுத்த பூச்சு போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். முதலிலேயே உப்புத்தாள் போட்டால் மெழுகு பரப்பெல்லாம் இழுபடும்.