தைக்காத குவில்ட் அட்டைக்குத் தையல் அளவு எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து துணி வாழ்த்து அட்டை செய்தார்கள். அமெரிக்கக் குவில்ட் போர்வைகளில் சதுரமும் முக்கோணமுமாகத் துணியை இணைத்து ‘பிளாக்’ செய்வார்கள் இல்லையா, அதையே மூன்று அங்குலத்துக்குச் சுருக்கி, ஊசி நூல் இல்லாமல், சூட்டில் இளகும் பசைத்தாளை வைத்து அட்டையில் ஒட்டுகிற வேலை. நான் முதல் வருடம் செய்த தவறுகள் அத்தனையையும் ஒரு மணி நேரத்தில் வரிசை மாறாமல் செய்து முடித்தார்கள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கத்தரிக்கோல் மொட்டையாக இருக்கக்கூடாது, அயர்ன் பாக்ஸில் கை வைக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைப் பார்ப்போம்.

காலர் கேன்வாஸை வாங்கி வருவது

தையல் சாமான் கடையில் “ஒட்டுற ஃபியூசிங் குடுங்க” என்றால் சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் பசை ஒரு பக்கம்தான். துணியில் ஒட்டும், அட்டையில் ஒட்டாது. நமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ஒட்டுவது, ஒரு பக்கம் தாள் மூடியிருப்பது. அப்படி விளக்கிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்குங்கள். வெள்ளைப் பசை போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதன் ஈரம் மெல்லிய பருத்தித் துணியில் ஊறி மேலே கறையாகத் தெரியும், அட்டையும் நெளியும்.

புதுத் துணியை அலசாமல் எடுப்பது

கஞ்சி இருந்தால் பசை பிடிக்காது. அலசிக் காயவையுங்கள்.

தையல் அளவில் வெட்டுவது

இதைத்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அக்கா மகள் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கு நன்றி அட்டை கொடுக்கலாம் என்று நானாகத் தலையை நீட்டினேன். 25 அட்டை. பிளாக் ‘ஒஹையோ ஸ்டார்’: மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். நான்கு மூலையும் நடுவும் வெறும் சதுரம். மீதி நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றும் நான்கு முக்கோணம். ஆக, ஓர் அட்டைக்கு 5 சதுரம், 16 முக்கோணம். ஒரு குவில்ட் புத்தகத்தில் அளவு கிடைத்தது. மூன்று அங்குல நட்சத்திரத்துக்குச் சதுரத்தை 1½ அங்குலத்தில் வெட்டு, முக்கோணத்துக்கு 2¼ அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் வெட்டி நான்காக்கு. அப்படியே வெட்டினேன். 125 சதுரம், 400 முக்கோணம், இரண்டு ராத்திரி. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் நல்ல பாகம் முழுவதும் அதில் போயிற்று, காசு கொடுத்து வரவழைத்த பசைத்தாளும் போயிற்று.

அடுக்கிப் பார்த்தால் எதுவும் எதோடும் சேரவில்லை. எல்லாமே ஒரே அளவாகப் பெரிதாகியிருந்தால் பெரிய அட்டையாவது செய்திருக்கலாம். நான்கு முக்கோணம் சேர்ந்த கட்டம் 2¼ அங்குலம், பக்கத்தில் இருக்க வேண்டிய சதுரம் 1½ அங்குலம்!

காரணம் இதுதான். குவில்ட் புத்தகம் தைப்பவர்களுக்காக எழுதியது. ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் மறையும். சதுரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம் கூட்டினால் சரி. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தையும் கால் அங்குலம் தள்ள வேண்டும் என்பதால் கூர்முனைகள் நீண்டுபோகும். அதனால்தான் சதுரத்தை இரண்டாக வெட்டும் முக்கோணத்துக்கு ⅞ அங்குலம் கூட்டுவார்கள், நான்காக வெட்டுவதற்கு 1¼. தைத்தால் இந்த வித்தியாசம் உள்ளே மடங்கி எல்லாம் ஓர் அங்குலமாக வந்து நிற்கும். ஒட்டுவதில் எதுவும் மடங்குவதில்லை.

ஆகவே புத்தகத்தில் ‘முடிந்த அளவு’, அதாவது தைத்து முடித்த பிறகு வரும் அளவு, என்று இருப்பதை மட்டும் பாருங்கள், ‘வெட்டும் அளவு’ பக்கம் போகாதீர்கள். மூன்று அங்குல நட்சத்திரமா? சதுரம் ஓர் அங்குலம். முக்கோணமும் ஓர் அங்குலச் சதுரத்தை நான்காக வெட்டியது. அவ்வளவுதான். கூடத்தில் இருந்த ஒரு பெண், “அக்கா, புக்ல இப்படித்தான போட்டிருக்கு?” என்று 2¼ அங்குலத்தை அளந்துகொண்டிருந்தபோது ஸ்கேலைப் பிடுங்கிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், பரவாயில்லை.

அப்புறம், 21 துண்டும் வேண்டியதே இல்லை. இதை நான் புரிந்துகொள்ள இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. பின்னணித் துணியில் மூன்று அங்குலச் சதுரம் ஒன்றை முழுதாக ஒட்டிவிட்டு, அதன்மேல் நடுச் சதுரத்தையும் நட்சத்திர முனைகள் எட்டையும் வைத்தால் போதும். மொத்தம் பத்துத் துண்டு. துண்டுகளுக்கு நடுவே அட்டையின் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும் தொல்லையும் இல்லை. நட்சத்திரத் துணி பின்னணியைவிட அடர்த்தியான நிறமாக இருக்கட்டும். வெளிர் துணி மேலே இருந்தால் அடி நிறம் தெரியும்.

முதலில் வெட்டி, பிறகு பசைத்தாள் ஒட்டுவது

மாற்றிச் செய்யுங்கள். துணியின் பின்புறம் பசைத்தாளை ஒட்டி, ஆறிய பிறகு வெட்டினால் ஓரத்தில் பிசிறு அடங்கியிருக்கும். மூடியிருக்கும் தாளைக் கடைசியில் உரித்தால் போதும்.

தாளில் நேராக வரைவது

பின்பக்கம் வரைவதால் உருவம் திரும்பிவிடும். நட்சத்திரத்துக்குக் கவலையில்லை. காற்றாடி பிளாக் எதிர்ப்பக்கம் சுழலும். ‘க’ என்று துணியில் ஓர் எழுத்து வெட்டி, அது கண்ணாடியில் பார்த்தது மாதிரி வந்து, பூ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

பூவும் பூவும்

நான்கு துணியும் அழகாக இருக்கும், சேர்த்து வைத்தால் பிளாக்கே தெரியாது. வெளிரும் அடர்த்தியும் வேண்டும். ‘லாக் கேபின்’ பிளாக்கைப் பாருங்கள்: நடுவில் பெரும்பாலும் ஒரு சிவப்புச் சதுரம், வீட்டுக்குள் எரியும் கணப்பு என்பார்கள், சுற்றிலும் பட்டைகள், ஒரு பாதி வெளிர், மறுபாதி அடர்த்தி. அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. சந்தேகம் வந்தால் துணிகளை ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். பெரிய மாம்பழக் கரை, பெரிய பூ எல்லாம் ஓர் அங்குலத்தில் வெறும் கறைதான். சுங்குடிப் புள்ளி, பொடிக் கட்டம் நன்றாக இருக்கும்.

தேய்ப்பது

தேய்க்காதீர்கள், அழுத்துங்கள். தேய்த்தால் முக்கோணம் நகரும்.

நீராவி

அயர்ன் பாக்ஸில் தண்ணீரே இருக்கக்கூடாது. அட்டை அப்பளமாகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு மடிப்பது

துணி ஒட்டிய பிறகு அட்டையை மடித்தால் மடிப்பு கோணலாகப் போகும், சில சமயம் மேல்தோல் வெடிக்கும். A4 தடித்தாளைப் பாதியாக வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் நடுவில் அழுத்திக் கோடு போட்டு முதலிலேயே மடித்துவிடுங்கள். தாளுக்கும் ஓட்டம் உண்டு, அதாவது இழைகள் ஒரு பக்கமாக ஓடும். லேசாக வளைத்துப் பார்த்து எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடிப்பு வரட்டும். பிறகு விரித்து, முன்பக்கத்தை மட்டும் அயர்ன் பலகையில் வைத்து ஒட்டுங்கள். மூன்று அங்குல பிளாக்குக்கு அந்த அட்டை சரியாக இருக்கும், அடியில் பெயர் எழுதவும் இடம் கிடைக்கும்.