காப்பி வேலைக்கு ஒரே ஷார்ட்கட்

இரண்டு பேனல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஃபைல் மேனேஜரான டோட்டல் கமாண்டரில் ஒரே ஃபோல்டருக்கு அடிக்கடி ஃபைல்களை அனுப்புகிறீர்கள் என்றால், அந்த வேலையை ஆட்டோஹாட்கீ (கீபோர்டு வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் விண்டோஸ் மென்பொருள்) ஸ்கிரிப்டில் ஒரே ஷார்ட்கட்டாக வைத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டேப் அழுத்தி அடுத்த பேனலுக்குப் போக வேண்டும், ஃபோல்டர் மாற்றும் சிடி (cd) கட்டளையோடு ஃபோல்டர் பாதையை அடித்து என்டர் தட்ட வேண்டும், மறுபடி டேப், அப்புறம் எஃப்5.

எஃப்5 எப்போதும் எதிர் பேனலில் திறந்திருக்கும் ஃபோல்டருக்குத்தான் காப்பி செய்யும். அந்தப் பேனலைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நேரத்தைத் தின்கிறது; அதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். காப்பி செய்யலாமா என்று கேட்கும் பெட்டிக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லுங்கள், அதையும் ஸ்கிரிப்டிடம் விட வேண்டாம்.

ஷார்ட்கட் டோட்டல் கமாண்டர் விண்டோவில் மட்டும் இயங்கும்படி ஸ்கிரிப்டில் ஹாட்இஃப் (#HotIf) வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசரில் கைபட்டாலே, நிரப்பிக்கொண்டிருக்கும் பக்கம் ரெஃப்ரெஷ் ஆகிவிடும்.

எழுத்தை அடித்ததும் தேடல் தொடங்கும்படி செட்டிங் வைத்திருந்தால் இது பலிக்காது. சிடி தேடலுக்குள் போய்விடும். டோட்டல் கமாண்டரை அட்மினாகத் திறந்தால் ஸ்கிரிப்டையும் அட்மினாகவே ஓட்ட வேண்டும். டெலீட் செய்யும் எஃப்8-ஐ மட்டும் எந்த ஸ்கிரிப்டிலும் சேர்க்காதீர்கள்.