ரான் பாலின் கல்விக் கொள்கையை எதிர்த்து வாதாடுவது எப்படி

அமெரிக்கக் காங்கிரஸில் (நாடாளுமன்றத்தில்) டெக்சஸ் உறுப்பினராக இருந்த ரான் பாலை டிபேட்டில் எதிர்த்துப் பேசப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "அவர் எதை மூடச் சொன்னார்?" என்றுதான். பாதிப் பேர் "ஸ்கூலை" என்பார்கள். அந்தப் பதிலோடு மேடை ஏறினால் எதிரணி கேள்வி கேட்கும் முதல் கிராஸ் எக்ஸாமினேஷனிலேயே கதை முடிந்துவிடும். அவர் மூடச் சொன்னது வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசின் கல்வித் துறையை. இந்த வேறுபாடு மனதில் பதியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நான் டெக்சஸில் பியர்லாந்தில் இருக்கிறேன். ரான் பாலின் ஊரான லேக் ஜாக்சனும் இதே பிரசோரியா கவுண்டிதான் (மாவட்டம்தான்). ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஹைஸ்கூல் பிள்ளைகள் சிலருக்கு டிபேட் பயிற்சி தருகிறேன். போட்டிகளில் பெற்றோர் நடுவராகவும் உட்காருகிறேன். என் மகனுக்குப் பிறவியிலிருந்தே காது சரியாகக் கேட்காது. அவனை வளர்த்தெடுத்ததில் எங்களுக்கு எவ்வளவு பங்கோ, இந்த ஊர் அரசுப் பள்ளிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் நான் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் பயிற்சியில் ரான் பாலாகப் பேச எப்போதும் குழுவிலேயே கெட்டிக்காரப் பிள்ளையைத்தான் நிறுத்துவேன்.

அந்தப் பிள்ளை தயாரித்து வரவேண்டிய வாதம் இப்படி இருக்க வேண்டும். ரான் பால் பிரசவ மருத்துவர். 1988ல், அரசு மிகச் சிறிதாக இருக்க வேண்டும் என்கிற லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளர். 2008லும் 2012லும் குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட முயன்றார். 2011ல் அவர் வெளியிட்ட திட்டம், முதல் ஆண்டிலேயே ஒரு டிரில்லியன் டாலர் செலவைக் குறைத்து ஐந்து ஃபெடரல் (மத்திய அரசு) துறைகளை மூடச் சொன்னது. அவற்றில் ஒன்று கல்வித் துறை. அவருடைய காரணம் எளிமையானது: அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை; ஃபெடரல் அரசுக்குக் கொடுக்கப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்று பத்தாவது திருத்தம் சொல்கிறது; பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு அருகில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். 2001ல், தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பள்ளிகளை அளக்கும் 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்துக்கு இரு கட்சிகளும் பெருவாரியாக வாக்களித்தபோது அவர் எதிர்த்து வாக்களித்தார். அந்தச் சட்டம் வகுப்பறைகளைப் பரீட்சைக் கூடங்களாக்கிவிட்டது என்று பிறகு இரு தரப்புப் பெற்றோரும் புலம்பினார்கள். 2015ல் காங்கிரஸே அதை மாற்றி மாநிலங்களுக்கு அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. இதில் அவர் சொன்னது சரி. எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே ஒப்புக்கொண்டுவிடுங்கள். நடுவராக உட்காரும்போது என் பேனா இந்த மாதிரி இடங்களில்தான் நிற்கும்.

அடுத்து மதிப்பெண் வாதம் வரும். "1979ல் துறையை உருவாக்கினார்கள், கோடிகோடியாகக் கொட்டினார்கள், பிள்ளைகள் ஓர் அங்குலம்கூட முன்னேறவில்லை." இதற்கு எண் இருக்கிறது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நேப் என்கிற தேசியத் தேர்வின் நீண்டகால வரிசையில் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கணித சராசரி 1978ல் 219, 2012ல் 244. பதின்மூன்று வயதில் 264லிருந்து 285. பதினேழு வயதில் மட்டும் 300லிருந்து 306தான். எதிரணி பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணை மட்டும்தான் காட்டும். ஆனால் இந்த உயர்வுக்குக் காரணமே கல்வித் துறைதான் என்று நீங்கள் பேசக்கூடாது. அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் கிடையாது. 2012க்குப் பிறகு எண்கள் இறங்கியும் இருக்கின்றன. "முன்னேற்றமே இல்லை என்பது தவறு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

துறை வேறு, சட்டம் வேறு என்பதையும் வாதங்களைக் குறித்துக்கொள்ளும் ஃபிளோ பேப்பரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குப் பணம் தரும் 'டைட்டில் 1' வந்தது 1965ல், அதிபர் ஜான்சன் காலத்தில். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது 1975ல். அதிபர் கார்ட்டர் துறையை உருவாக்கியது அதற்கும் பிறகு. ஆக, துறை போனாலும் இந்தச் சட்டங்கள் நிற்க முடியும். துறை இருந்தும் இவற்றை ஆளில்லாமல் நோஞ்சானாக்கவும் முடியும். 2025 மார்ச்சில் டிரம்ப் துறையை மூட வழிசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டதிலிருந்து இந்தக் குழப்பம் இரு தரப்பிலும் கூடியிருக்கிறது. எதிரணியிடம் நேராகக் கேளுங்கள்: "கட்டடத்தை மட்டும் மூடுகிறீர்களா, இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்தா?" கட்டடம் மட்டும் என்றால் மிச்சமாகும் பணம் கொஞ்சம்தான். சட்டமும் சேர்த்து என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன். 1975க்கு முன்னால் பத்து லட்சம் மாற்றுத்திறன் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நின்றார்கள் என்பது காங்கிரஸ் அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்த கணக்கு. அவர்களைத் திருப்பி அனுப்பியது மாநிலமும் ஊரும்தான், வாஷிங்டன் அல்ல. எதிரணிக்கும் இதில் ஒரு நல்ல பதில் உண்டு: இந்தப் பிள்ளைகளின் கூடுதல் செலவுக்கென, ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருகிறோம் என்று சொன்ன ஃபெடரல் அரசு அந்த அளவை ஒருநாளும் எட்டவில்லை. உண்மை, ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: சொன்ன பணத்தைத் தராததற்குத் தீர்வு, பிள்ளையின் உரிமையையே எடுத்துவிடுவதா?

லிபர்டேரியன் பதில் பெரும்பாலும் தொண்டு, தர்மம் என்று போகும். ரான் பாலைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சில்லை. முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்ட் பணம் வாங்க மறுத்து, வசதியில்லாத நோயாளிகளைக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ பார்த்த மருத்துவர் அவர். அந்த நல்ல மனதைச் சந்தேகிக்காதீர்கள். உரிமை வேறு, கருணை வேறு என்று மட்டும் காட்டுங்கள். டெக்சஸில் என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் 'ஆர்டு மீட்டிங்', அதாவது பிள்ளையின் சிறப்புக் கல்வித் திட்டத்தை முடிவு செய்யும் கூட்டம் நடக்கும். ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், பள்ளி நிர்வாகி எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நான் யாரிடமும் கும்பிடு போட்டு நிற்பதில்லை. அந்தக் குழுவில் பெற்றோரும் ஓர் உறுப்பினர். திட்டத்தில் உடன்பாடு இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தருவேன்; மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. எவ்வளவு பெரிய தர்மவானாக இருந்தாலும் அவர் மனம் மாறினால் நான் எங்கே முறையிடுவேன்? உங்களுக்குச் சொந்த அனுபவம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரவல் வாங்காதீர்கள், நடுவருக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகப் பெற்றோரின் வரியைக் குறைக்க ரான் பால் முன்வைத்த டாக்ஸ் கிரெடிட்டை விரைவாகக் கடந்துவிடலாம். கட்ட வேண்டிய வரியே குறைவான குடும்பத்துக்கு வரிச் சலுகையால் பெரிய பயன் இல்லை.

'ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்பதற்கு டெக்சஸிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிச் செலவில் ஃபெடரல் பங்கு சாதாரண ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் மாநிலமும் ஊர்ச் சொத்து வரியும். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் பகுதி மக்கள் 1967-68ல் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த ஊர் வரியிலிருந்து பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அதே வட்டாரத்து அலமோ ஹைட்ஸில் 0.85 டாலர்தான் கட்டினார்கள். பிள்ளைக்கு 333 டாலர். அதிகம் கட்டியவனுக்குக் குறைவாகக் கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1973ல் 5-4 என்று எட்ஜ்வுட் பெற்றோர் தோற்றார்கள். ஃபெடரல் அரசியலமைப்பில் கல்வி அடிப்படை உரிமை இல்லை என்றது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு ரான் பாலுக்குச் சாதகம். எதிரணி எடுக்கட்டும், தடுக்காதீர்கள். நீங்கள் டெக்சஸ் மாநில அரசியலமைப்பைத் திறங்கள், ஏழாம் பிரிவு. மக்களின் சுதந்திரங்களையும் உரிமைகளையும் காக்க அறிவு பரவுவது இன்றியமையாதது; எனவே இலவச அரசுப் பள்ளிகளை நடத்துவது சட்டமன்றத்தின் கடமை என்று 1876லிருந்து அதில் இருக்கிறது. மாநிலத்துக்கே அதிகாரம் என்பவர் மாநிலம் சொன்ன இந்தக் கடமையை ஏற்கிறாரா? ஏற்றால் அரசுப் பள்ளி நிலைத்தது. மறுத்தால் அவருடைய சண்டை வாஷிங்டனோடு மட்டும் இல்லை என்பது அவர் வாயாலேயே வந்துவிடும்.

தொடக்கூடாதவையும் உண்டு. அவரே அரசுப் பள்ளியில் படித்தவர்தானே என்று கேட்காதீர்கள். வரி கட்டியவர் பிள்ளையை அனுப்பினார், அவ்வளவுதான் என்று பதில் வரும். இனவெறி வரிகளால் சர்ச்சையான, அவர் பெயரில் வந்த பழைய செய்திமடல்களும் வேண்டாம். பேச்சு கல்வியை விட்டு ஓடிவிடும். வயதைக் கிண்டல் செய்கிற பிள்ளைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

கடைசி ரிபட்டலுக்கு (மறுப்புரைக்கு) வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை வைத்துக்கொள்ளுங்கள். 1951ல் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி நிலையைக் கண்டித்து வகுப்புப் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினாள், உங்கள் வயதுதான். அவள் தொடங்கியது, அரசுப் பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற 1954ன் பிரவுன் தீர்ப்பில் போய்ச் சேர்ந்தது. கவுண்டி என்ன செய்தது? எல்லோரும் ஒன்றாகப் படிக்கக்கூடாது என்று 1959ல் அரசுப் பள்ளிகளையே பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். மாநிலக் கல்வி உதவித்தொகையும் கவுண்டியின் வரிச் சலுகையும் அதற்குத் துணை நின்றன. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1964 வரை கவுண்டியில் அரசுப் பள்ளி கிடையாது. திறக்க வழிசெய்தது உச்ச நீதிமன்றம்.

கெட்டிக்கார எதிரணி உடனே சொல்லும்: "நிறவெறிச் சட்டம் போட்டதும் அரசுதானே? அதனால்தான் அரசைச் சிறிதாக்கச் சொல்கிறோம்." நல்ல பதில் இது, மழுப்பாதீர்கள். ஆமாம், அரசுதான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கவுண்டியில் 1959லிருந்து அரசுப் பள்ளியே இல்லாத அளவுக்கு அரசு சிறிதாகித்தான் இருந்தது என்று சுட்டிக்காட்டுங்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கறுப்பினத் தகப்பன் தன் பிள்ளைக்காக யாரிடம் போயிருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, நேரம் மிச்சமிருந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள்.