ஊஞ்சல் கொக்கிக்கும் கடற்கரைக் கயிற்றுக்கும் தெருவில் பணம் திரட்டுவது எப்படி

சென்னை எலியட்ஸ் கடற்கரை மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறது. பெசன்ட் நகர் வந்தவர்களில் அதன் முன்னால் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவிடம். 1930 டிசம்பர் 30 அன்று, இதே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் அவர் மூழ்கிப்போனார். தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பிள்ளைகள் அந்த வளைவின் நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே கடலில்தான் இறங்குகிறார்கள்.

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடமாக எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொருளாளர். தெருமுனைப் பூங்காவுக்கும் கடற்கரைப் பாதுகாப்புக்கும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியிருக்கிறோம். எப்படிச் செய்தோம் என்று மற்ற பகுதிக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

பணத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

வசூல் நோட்டை வாங்குவதற்கு முன்னால், விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் அங்கே தொழில் செய்கிறவரோடு ஒரு மணி நேரம் நடங்கள். நான் ஊரூர் குப்பத்து மீனவர் ஒருவரோடு நடந்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்: “தோ பாரும்மா, ரெண்டு பக்கமும் அலை ஒடையுது, நடுவுல ஒடையல பாத்தியா? ஜனம் அதான் நல்ல எடம்னு எறங்குது. அங்கதான் தண்ணி திரும்பிப் போவுது.”

உற்றுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை. நடுவில் பதினைந்து இருபது அடி அகலத்துக்குத் தண்ணீர் கொஞ்சம் கறுத்து, அடங்கி இருந்தது. கரையில் வந்து குவிகிற தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே திரும்புகிறது. அதில் மாட்டியவர் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தினால் சோர்ந்துதான் போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். எங்கள் வசூலின் முதல் தாளில் இந்தப் படத்தைத்தான் போட்டோம். இதை விளக்கியபோது கதவைத் திறந்தவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

பூங்காவிலும் அப்படித்தான். எல்லோரும் புது ஊஞ்சல் வேண்டும் என்றார்கள். தோட்டக்கார அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேலே சங்கிலி தொங்கும் கொக்கியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய இரும்பு, சங்கிலி உரசி உரசிப் பாதியாகத் தேய்ந்து கத்தி போல இருந்தது. கீழே மணல் காலடியில் இறுகித் தரையாகிவிட்டது. எங்களுக்குத் தேவைப்பட்டது நாலு கொக்கியும் ஓர் அடி ஆழத்துக்கு நல்ல மணலும்தான். புது ஊஞ்சலுக்கு ஆகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

அனுமதி கையில் இல்லாமல் ஒரு ரூபாய் கூட வாங்காதீர்கள்

நாங்கள் வாங்கிவிட்டுத் தவித்தோம். பூங்காவில் ஏழு கல் பெஞ்சு போடுவதாகச் சொல்லி நாற்பது வீட்டில் பணம் வாங்கினோம். நாங்கள் நினைத்த இடத்தில் மழைநீர்க் கால்வாய் வேலை வரப்போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. நாற்பது பேருக்கும் போன் செய்து, வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமா, திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். மூன்று பேர் திருப்பிக் கேட்டார்கள். அன்றே கொடுத்தோம். தப்பு எங்களுடையது, முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பூங்கா மாநகராட்சியுடையது. வார்டு பொறியாளருக்கும் பூங்காத் துறைக்கும் வரைபடத்தோடு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, பதில் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். கடற்கரை இன்னும் சிக்கல். அது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது, மணலில் சிமெண்ட் போட்டு எதையும் நிரந்தரமாகக் கட்டக் கிளம்பாதீர்கள். உயரமான விளக்குக் கம்பத்துக்குப் பணம் தருகிறேன் என்று யாராவது ஆர்வமாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தை மாசி தொடங்கி சித்திரை வரை பங்குனி ஆமை இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும், கடலை விட்டுத் தெருவுக்கு ஏறிவிடும். 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். நம் பணம் அந்த வேலையைக் கெடுக்கக் கூடாது.

எங்களுக்கு வழி காட்டியவர்கள் பஜ்ஜிக் கடைக்காரர்கள். மிதவை வளையத்தையும் முப்பது மீட்டர் கயிற்றையும் அவர்கள் வண்டியிலேயே மாட்டி வைத்தோம். கம்பம் நட வேண்டாம், பூட்ட வேண்டாம். கூட்டம் இருக்கிற நேரமெல்லாம் அவர்களும் இருக்கிறார்கள், கண்ணும் கடலைப் பார்த்தே இருக்கிறது.

விலையோடு கேளுங்கள், மூன்று வருடத்துக்குக் கேளுங்கள்

“கடற்கரைப் பாதுகாப்பு நிதி” என்று கேட்டால் நூறு ரூபாய் கொடுத்துக் கதவைச் சாத்துவார்கள். “ஒரு வளையம், ஒரு கயிறு, ஓர் இடத்துக்கு 3,500 ரூபாய், உங்கள் மாடியில் ஏழு வீடு, ஆளுக்கு 501 வருமா?” என்று கேட்டோம். வந்தது. எதற்கு, எவ்வளவு என்று தெரிந்தால் நம் ஜனங்கள் கொடுப்பார்கள்.

அந்த ஒற்றை ரூபாய் என் அப்பாவிடமிருந்து வந்தது. பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துகளில் அவர் மொய் எழுதுவார். பெயர், ஊர், தொகை மூன்றையும் எழுதி, கொடுத்தவர் காதில் விழுகிற மாதிரி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்ப்பார். நான் வசூலுக்குப் போகும்போதும் அப்படியே செய்கிறேன். ரசீது கிழிப்பதற்கு முன் பெயரையும் தொகையையும் சத்தமாக வாசிப்பேன். யுபிஐ-யில் அனுப்பினாலும் காகித ரசீது உண்டு. எப்போதும் இரண்டு பேராகப் போவோம், ஒருவர் எழுத, ஒருவர் எண்ண.

வாங்குகிற விலையைப் போலவே மூன்று வருடப் பராமரிப்பையும் மதிப்பீட்டில் சேருங்கள். உப்புக் காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. நைலான் கயிறு வெயிலில் மொடமொடத்து உடையும். திறப்பு விழா அன்று எல்லோரும் கொடுப்பார்கள், பதினெட்டு மாதம் கழித்துப் புதுக் கயிறு வாங்க யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் அந்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கித் தனியாகப் போட்டு வையுங்கள்.

காலம் பார்த்துப் போங்கள். எங்களுக்கு மார்கழிதான் நல்ல மாதம். காலையில் கோலம் போட வெளியே இருப்பார்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் பூங்காவில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். அது முடிந்ததும் காணும் பொங்கல் கூட்டம் கடற்கரைக்கு வருகிறது, எதற்காகக் கேட்கிறோம் என்று விளக்கவே வேண்டாம். ஆகஸ்ட் 29 எங்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை இன்னொரு கூட்டம், அதற்கு ஒரு மாதம் முன்பு இரண்டாம் சுற்று. தள்ளுவண்டிக்காரர்களிடம் பணம் கேட்காதீர்கள். அவர்கள் வளையத்தைப் பார்த்துக்கொள்வதே பெரிய நன்கொடை.

கணக்கு வழக்கு

தனி ஆள் கணக்கில் பணம் வாங்கவே வாங்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம். சங்கத்தின் பெயரில் கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து.

நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, 80ஜி என்று சொல்வார்களே, அதைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அதற்குச் சங்கம் தனியாகப் பதிவு பெற வேண்டும். பெற்றாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்குச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது எதிலுமே கிடையாது. அதனால் அதைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குரிய பதிவு இல்லாத சங்கம் தொடவே கூடாது. எங்கள் கட்டடத்து அம்மா ஒருவரின் மகன் அமெரிக்கக் குடிமகன். அவர் பணத்தை வேண்டாம் என்று சொன்னபோது அந்த அம்மாவுக்கு வருத்தம். விளக்கிச் சொன்னதும் தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார்.

பெரிய வேலையாக இருந்தால், பூங்காவின் சுற்றுச்சுவர், நடைபாதை மாதிரி, “நமக்கு நாமே” திட்டத்தில் மனு போடுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டிக் கட்டினால் மீதியை அரசு போடும். ஒரு லட்சம் திரட்டினால் மூன்று லட்சத்து வேலை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. ஆனால் அதற்குக் கேட்கிற ஆவணங்களுக்குப் புதுச் சங்கம் தயாராக இருக்காது. இரண்டு மூன்று வருடம் தணிக்கை செய்த கணக்கைச் சேர்த்த பிறகு போங்கள்.

மாதம் ஒரு தாள், வரவு, செலவு, கையிருப்பு மூன்று வரி, பூங்கா வாசல் பலகையில் ஒட்டுங்கள். செலவே இல்லாத மாதத்திலும் ஒட்டுங்கள். ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் நான் ஒட்டவில்லை. பதினோரு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். எனக்கு மனது நிறைந்துவிட்டது, அத்தனை பேர் படிக்கிறார்கள்.

பொருளை விட ஆளுக்குச் செலவழியுங்கள்

வளையம் தானாகக் குதிக்காது. எங்கள் நிதியில் பாதிக்கு மேல் குப்பத்து இளைஞர்களுக்கு ஞாயிறு மாலைப் படியாகவும், அவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முதலுதவிப் பயிற்சிக்காகவும் போகிறது. கடலில் பிறந்து வளர்ந்தவர்கள் சும்மா வந்து காவல் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அன்றைக்கு வலைக்குப் போகாமல் வருகிறார்கள், அந்த வருமானத்தையாவது ஈடுகட்ட வேண்டும்.

பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுப்பது, குதிக்காதே, எறி என்பது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிற சோகம். கயிற்றின் நுனியைக் காலில் மிதித்துக்கொண்டு வளையத்தை ஆளைத் தாண்டி எறிய வேண்டும், அப்புறம் மெல்ல இழுத்து அவர் கைக்கு எட்டச் செய்ய வேண்டும். இன்னொருவர் அதே நேரம் 108-க்கும் கடலோரக் காவலின் 1093-க்கும் போன் செய்ய வேண்டும். பலகையில் தமிழோடு இந்தியும் தெலுங்கும் எழுதுங்கள். வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பிள்ளைகளில் பலர் கடலையே முதன்முதலாகப் பார்க்கிறவர்கள். நாங்கள் முதல் பலகையில் இந்தியை விட்டுவிட்டோம், ஒரு மாதத்தில் மாற்றி எழுதினோம்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் நாலு பேராகப் போங்கள். வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கயிற்றை முழுவதும் பிரித்து, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் சிக்கு விழாமல் சுற்றி, பஜ்ஜிக் கடை திறப்பதற்குள் திரும்ப மாட்டிவிடுங்கள்.