தூண் கள்ளி: ஒரு துண்டிலிருந்து
செரியஸ் வகைத் தூண் கள்ளிக்கு புதுச்செடி வளர்க்க விதையைவிடத் தண்டுதான் சுலபம். 30 செ.மீ. துண்டைச் சுத்தமான கத்தியால் வெட்டி, அடிப்பக்கத்தைக் குறித்துவையுங்கள். உடனே நடாதீர்கள், துண்டுகள் பெரும்பாலும் சாவது இந்த அவசரத்தால்தான். ஈர வெட்டுவாயில் பூஞ்சை ஏறி அழுகிவிடும். நிழலில் 2, 3 வாரம் நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் பக்கவாட்டில் வேர் கிளம்பும். வெட்டுவாய் தக்கைபோல வறண்டிருக்க வேண்டும், தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது.

காய்ந்ததும் நடுங்கள்: பருமணல் பாதி, தோட்டமண் பாதி. 8 செ.மீ. ஆழம் போதும், சாயாமல் குச்சி கட்டுங்கள். முதல் 2 வாரம் தண்ணீரே வேண்டாம். ஒரு மாதம் கழித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேர் விட்டாச்சு.

அடி கொழகொழத்தால், வெட்டுவாயில் தெரியும் பழுப்பு வளையம் மறையும்வரை மேலே மேலே சீவி, மறுபடி காயவையுங்கள்.