திரையில் தெரியும் பெயரை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள்

காரைக்குடியில் ஒரு கடையின் கணினிகளைப் பராமரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் உபுண்டு லினக்ஸ், மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் ஜெர்மன் விண்டோஸ். ராத்திரி பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) இரண்டிலும் ஓட வேண்டும்.

பெரும்பாலோர் திரையில் தெரியும் ஃபோல்டர் பெயரையே பாதையாக எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்பி காலத்தில் ஜெர்மன் விண்டோஸில் டிஸ்க்கிலேயே ஜெர்மன் பெயர்தான் இருந்தது. விஸ்டாவிலிருந்து டிஸ்க்கில் ஆங்கிலப் பெயர். எக்ஸ்புளோரர் மட்டும் மொழி மாற்றிக் காட்டுகிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நேர்மாறு. முதல் லாகினில் எந்த மொழி இருந்ததோ, அந்த மொழியிலேயே பெயர் உருவாகும்.

சரி, விண்டோஸுக்கு ஆங்கிலப் பெயரை எழுதினால் போதுமா? ஒன்டிரைவ் டெஸ்க்டாப் ஃபோல்டரை இடம் மாற்றியிருந்தால் அதுவும் பிசகும். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ‘கெட்ஃபோல்டர்பாத்’, லினக்ஸில் ‘எக்ஸ்டிஜி-யூசர்-டிர்’ என்று சிஸ்டத்திடமே கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸின் சொந்தக் கணக்கான ‘சிஸ்டம்’ பெயரில் ஓட்டினால் கடைக்காரரின் டெஸ்க்டாப் கிடைக்காது. அவருடைய கணக்கிலேயே ஓட்ட வேண்டும்.

விண்டோஸின் பயனர் குழுப் பெயர்களிலும் இதே வம்புதான். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு ஜெர்மனில் வேறு பெயர். ஆனால் அந்தக் குழுவின் அடையாள எண்ணான எஸ்-1-5-32-544 எல்லா மொழியிலும் ஒன்றே.

நம் பக்கத்துக்கு முக்கியமானது இனிமேல்தான். கோட்டையூர், தேவகோட்டை, கொத்தமங்கலம் என்று கிளைக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருப்பீர்கள். ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் போடலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளான என்டிஎஃப்எஸ்ஸும் (விண்டோஸ்) இஎக்ஸ்டி4-உம் (லினக்ஸ்) அவற்றை வேறு வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு ‘கோட்டையூர்’ உட்கார்ந்திருக்கும். நேற்றைய பில் ஒன்றில், இன்றைய பில் மற்றதில். பேக்கப் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, பிழையே காட்டாமல் முடியும். இதைவிட மோசமான கோளாறு எனக்குத் தெரிந்து இல்லை. பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஓகாரத்தை ஒரே குறியாக வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றுங்கள். பவர்ஷெல்லில் ‘நார்மலைஸ்’ அதைச் செய்துவிடும். ஃபோல்டரை உருவாக்கும்போதும் அதே வடிவம்தான்.

அப்புறம், ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ் எழுதினால் ஃபைலை யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில், ‘பாம்’ என்ற தொடக்கக் குறியையும் சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் பவர்ஷெல் 5.1 அதைக் குப்பையாகப் படிக்கும். நீளமும் கவனம்: ‘காரைக்குடி’ மட்டுமே 30 பைட். இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். கிளை, தேதி, வாடிக்கையாளர் பெயர் எல்லாவற்றையும் ஒரே ஃபைல் பெயரில் தமிழில் அடுக்காமல், கிளைக்கும் தேதிக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள்.